எண்ணெய், எரிவாயுத் துறையில் இன்டர்ன்ஷிப்: விண்ணப்பத்தில் இருந்து கடைசி நாள் வரை

பெட்ரோலியம் இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத்தான் எண்ணெய் நிறுவனங்களில் இடம் என்று நினைத்து, விண்ணப்பமே போடாமல் இருந்துவிடும் மாணவர்கள் நிறையப் பேர். ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குள் போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் அரை மணி நேரத்தில் போய்விடும். பம்பும் கம்ப்ரசரும் மெக்கானிக்கல்காரர்கள் கையில். காய்ச்சி வடிக்கும் கோபுரம் கெமிக்கல்காரர்களுடையது. மோட்டாரும் சுவிட்ச்கியரும் எலக்ட்ரிக்கல். கட்டுப்பாட்டு அறை முழுக்க இன்ஸ்ட்ருமென்டேஷன். கடலுக்குள் நிற்கும் மேடையின் கால்களைக் கணக்குப் போடுபவர் சிவில். கிணறுகளில் இருந்து வரும் தரவைப் பிரித்து மேய்கிறவர் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் இன்டர்னிடம் யாரும் மேதாவித்தனத்தை எதிர்பார்ப்பதில்லை. "இவரை ஆலைக்குள் விட்டுவிட்டு நாம் நிம்மதியாக உட்கார முடியுமா?" என்பதுதான் எதிரில் இருப்பவர் மனதில் ஓடும் கேள்வி. ரெஸ்யூமே, நேர்காணல், முதல் வாரம், கடைசி அறிக்கை எல்லாமே அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான்.

படி 1: எந்தப் பக்கம் போவது?

துறையை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பூமிக்கடியில் தேடி, துளையிட்டு, மேலே கொண்டுவருவது அப்ஸ்ட்ரீம். குழாயிலும் கப்பலிலும் கொண்டுபோய்த் தொட்டிகளில் சேர்ப்பது மிட்ஸ்ட்ரீம். சுத்திகரித்துப் பெட்ரோல், டீசல், பெட்ரோகெமிக்கல் ஆக்குவது டவுன்ஸ்ட்ரீம்.

இதைவிட முக்கியம், எந்த வகை நிறுவனம் என்பது. வயலுக்கோ ஆலைக்கோ சொந்தக்காரராக இருந்து அதை நடத்துபவர் ஆபரேட்டர். எஸ்எல்பி, ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ் போன்றவை சேவை நிறுவனங்கள். துளையிடுவது, கிணற்றுக்குள் கருவியை இறக்கி அளப்பது, சிமென்ட் போடுவது போன்ற வேலைகளை ஆபரேட்டருக்குச் செய்து கொடுப்பவை. ஆலையை வடிவமைத்துக் கட்டித் தருபவை இபிசி நிறுவனங்கள். இவை போக பம்பு, வால்வு, டர்பைன் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் எல்லோரும் பெரிய ஆபரேட்டர்களின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். வால்வு தயாரிப்பவர் வாசலில் அவ்வளவு கூட்டம் இல்லை. ஆனால் ஒரு பாதுகாப்பு வால்வைப் பிரித்துச் சோதித்து மறுபடி பூட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும்.

முதல் இன்டர்ன்ஷிப்புக்குக் கிணறு துளையிடும் தளமான ரிக்கைவிட சுத்திகரிப்பு ஆலையோ இபிசி அலுவலகமோ நல்லது என்பது என் கருத்து. ரிக்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓடும். உங்களுக்கு விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. படங்கள் பிரமாதமாக வரும், அது வேறு விஷயம்.

படி 2: காலண்டரைப் பாருங்கள்

பெரிய நிறுவனங்கள் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு முந்தைய ஆண்டே ஆள் எடுக்க ஆரம்பித்துவிடும். தேர்வு முடிந்தபின் பார்க்கலாம் என்று இருந்தால் கதவு சாத்தியிருக்கும். எட்டு, ஒன்பது மாதம் முன்பே பட்டியல் போடுங்கள். சிறிய நிறுவனங்கள் கடைசி இரண்டு மாதத்திலும் எடுப்பார்கள், அதனால் மனம் தளர வேண்டாம்.

இது விலையோடு ஏறி இறங்கும் துறை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விற்பவர் பணமும் கொடுத்து எடுத்துப்போகச் சொன்ன நாள் அது. அந்த மாதிரி ஆண்டில் முதலில் வெட்டப்படுவது இன்டர்ன்ஷிப் திட்டங்கள்தான். அதனால் ஒரே வகை நிறுவனத்தை நம்பி இருக்காதீர்கள். விலை விழும்போது துளையிடும் வேலை உடனே நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் பராமரிப்பு அவ்வளவு சுலபத்தில் நிற்காது.

படி 3: கையில் காட்ட ஏதாவது ஒன்று

பாடத்தில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், வெப்பப் பரிமாற்றம் மூன்றையும் தூசி தட்டுங்கள். துறையின் அளவுகள் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்க காலன், சுமார் 159 லிட்டர். கச்சா எண்ணெய் எவ்வளவு இலகு என்பதை ஏபிஐ கிராவிட்டியில் சொல்வார்கள்: 141.5-ஐ ஒப்படர்த்தியால் வகுத்து 131.5-ஐக் கழிக்க வேண்டும். ஒப்படர்த்தி 0.85 என்றால் விடை ஏறக்குறைய 35. தண்ணீருக்கு 10. எண் கூடக்கூட எண்ணெய் இலகு. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லி மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

ஆலையைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் என்றதும் எல்லோரும் ஆஸ்பென் ஹைசிஸ் என்பார்கள். கல்லூரியில் உரிமம் இருந்தால் சரி. இல்லையென்றால் டிடபிள்யூசிம் இலவசம். ஒரு காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை அதிலேயே கட்டிப் பார்க்கலாம்.

அப்ஸ்ட்ரீம் பக்கம் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு புதையல் உண்டு. வட கடலின் நார்வே பகுதியில் 2008 முதல் 2016 வரை உற்பத்தி செய்த வோல்வே வயலின் தரவு முழுவதையும் ஈக்வினார் நிறுவனம் 2018-ல் பொதுவில் வெளியிட்டது. அதில் ஒரு கிணற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத உற்பத்தியை வரைபடமாக்கி, அது எப்படிக் குறைந்துகொண்டே போகிறது என்று காட்டும் சரிவு வளைவு ஒன்றைப் பொருத்துங்கள். முதல் இரண்டு ஆண்டுத் தரவை வைத்து அடுத்த ஆண்டைக் கணித்து, உண்மையில் வந்ததோடு ஒப்பிடுங்கள். கணிப்பு தப்பிப்போகும். ஏன் தப்பியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்: தண்ணீர் அதிகம் வர ஆரம்பித்ததா, கிணற்றை நடுவில் மூடி வைத்தார்களா? அந்த ஒரு பக்கம் பத்து ஆன்லைன் சான்றிதழ்களுக்குச் சமம்.

பெட்ரோலியப் பொறியாளர் சங்கமான எஸ்பிஇ-யின் மாணவர் கிளை உங்கள் கல்லூரியில் இருந்தால் சேருங்கள். கூட்டங்களுக்கு வரும் பொறியாளர்களிடம் நேரில் பேசலாம், அதுவே லாபம்.

படி 4: ரெஸ்யூமேயும் கடிதமும்

ஒரு பக்கம் போதும். "குழுவாகப் பணிபுரியும் திறன் கொண்டவர்", "கடின உழைப்பாளி" என்ற வரிகளை அடித்துவிடுங்கள். அவற்றை எல்லோரும்தான் எழுதுகிறார்கள். ஒரு வரியை எப்படி மாற்றலாம் என்று பாருங்கள்.

மாற்றுவதற்கு முன்: "மையவிலக்குப் பம்பு பற்றிய செயல்திட்டம் செய்துள்ளேன்."

மாற்றியபின்: "ஆய்வகப் பம்பை ஐந்து வெவ்வேறு ஓட்டங்களில் இயக்கி, அழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளர் தந்த வளைவோடு ஒப்பிட்டேன். அதிக ஓட்டத்தில் அழுத்தம் வளைவு சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. உறிஞ்சு பக்க வடிகட்டியில் அடைப்பு இருந்ததே காரணம் என்று திறந்து பார்த்து உறுதி செய்தேன்."

இரண்டாவது வரியில் அளவு இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, அதைச் சரிபார்த்த கை இருக்கிறது. பட்டறையில் வேலை செய்தது, வெல்டிங் பழகியது, வீட்டில் மோட்டார் பழுது பார்த்தது எதுவும் சின்ன விஷயம் இல்லை, எழுதுங்கள்.

இணையதள விண்ணப்பத்தோடு நிற்காமல், அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் பொறியாளர் ஒருவருக்கு நேரடியாகவும் எழுதலாம். சுருக்கமாக இப்படி:

"வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவி. வெப்பப் பரிமாற்றிகளில் படிவு சேர்வது பற்றி ஒரு சிறு கணக்கீடு செய்திருக்கிறேன், ஒரு பக்கச் சுருக்கம் இணைத்துள்ளேன். உங்கள் ஆலையில் அடுத்த கோடையில் இன்டர்ன் எடுப்பதாக இருந்தால் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

வேலை கேட்காமல் வழி கேட்கிறது இந்தக் கடிதம். பதில் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதால் பதில் வரும் வாய்ப்பும் கூடுதல்.

ஒரு எச்சரிக்கை. பெரிய எண்ணெய் நிறுவனங்களின் பெயரில் போலி நியமனக் கடிதம் அனுப்பி, விசா செலவு, மருத்துவச் சோதனைக் கட்டணம் என்று பணம் கறக்கும் கும்பல்கள் ரொம்ப நாளாகவே உண்டு. நேர்காணலே இல்லாமல் வேலை கிடைத்துவிட்டது என்றாலோ, இலவச மின்னஞ்சல் முகவரியில் இருந்து கடிதம் வந்தாலோ, பணம் என்ற பேச்சு எடுத்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

படி 5: நேர்காணல்

தொழில்நுட்பக் கேள்விகள் பெரும்பாலும் அடிப்படையானவை. பம்பில் கேவிட்டேஷன் ஏன் வருகிறது? மையவிலக்குப் பம்பின் வெளியேற்ற வால்வை மூடினால் என்ன ஆகும், பிஸ்டன் பம்பின் வால்வை மூடினால் என்ன ஆகும்? (முதலாவது கொஞ்ச நேரம் சுற்றிச் சூடாகும். இரண்டாவதில் பாதுகாப்பு வால்வு இல்லையென்றால் ஏதாவது ஒன்று உடையும்.) குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அழுத்த இழப்பு எவ்வளவு கூடும்? விடையைவிட நீங்கள் யோசிக்கும் பாதையைத்தான் கவனிப்பார்கள். வாய்விட்டு யோசியுங்கள்.

பாதுகாப்பு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். "உங்கள் சூப்பர்வைசர் பாதுகாப்பில்லாத ஒரு வேலையைச் செய்யச் சொன்னால்?" வேலையை நிறுத்துவேன், ஏன் நிறுத்தினேன் என்று அவரிடமே சொல்வேன், சந்தேகம் தீரும்வரை தொடர மாட்டேன் என்பதுதான் பதில். வேலையை நிறுத்தும் அதிகாரம் இன்டர்ன் உட்பட எல்லோருக்கும் உண்டு என்பது இந்தத் துறையில் பரவலாக உள்ள விதி. மரியாதை கருதி மழுப்பினால் மதிப்பெண் போய்விடும்.

தெரியாத கேள்விக்குத் "தெரியாது, ஆனால் இதைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்லலாம். அளந்துவிடுபவரை ஆலைக்குள் அனுப்ப எவருக்கும் மனம் வராது. உதவித்தொகை, தங்குமிடம், போக்குவரத்து, ஷிப்ட் உண்டா என்பதையும் கடைசியில் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

படி 6: கிளம்பும் முன்

மருத்துவச் சோதனை இருக்கும். கடல் மேடைக்கு அனுப்புவதாக இருந்தால் பல இடங்களில் பாசியட் என்ற பயிற்சி கேட்பார்கள். ஹெலிகாப்டர் மாதிரி ஒன்றில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, தண்ணீருக்குள் கவிழ்த்து, ஜன்னல் வழியாக வெளியே வரச் சொல்வார்கள். நீச்சல் தெரிந்தால் பயம் குறையும். தாடி வைத்திருப்பவர்கள் கவனிக்க: சுவாச முகமூடி முகத்தோடு ஒட்டி மூட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. பல தளங்களில் மழித்தால்தான் உள்ளே விடுவார்கள். சாதாரண செல்போனும் வாசலோடு சரி, அது தீப்பொறிக்கு வாய்ப்புள்ள பொருள்.

படி 7: முதல் இரண்டு வாரம்

பாதுகாப்பு வகுப்பில் தூங்காதீர்கள். காற்றுத் திசை காட்டும் துணிப்பை எங்கே கட்டியிருக்கிறது, கூடும் இடம் எது என்பதை முதல் நாளே நடந்து பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு பற்றிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: அழுகிய முட்டை வாசனை. புத்தகத்தில் சரியாக ஏறாத விஷயம், பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. வாசனை நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பவர் விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தில் தேங்கும். உடுப்பில் மாட்டிய டிடெக்டர் கத்தினால், காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து மேடான பக்கம் போக வேண்டும். கீழே கிடப்பவரைத் தூக்க ஓடிப்போய் இரண்டாவதாக விழுந்தவர்கள் பலர்.

ஒவ்வொரு வேலைக்கும் எழுத்தில் அனுமதி வாங்கும் பர்மிட் முறையைப் புரிந்துகொள்ள 1988 ஜூலை 6 அன்று வட கடலில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் இரண்டு கண்டன்சேட் பம்புகள் (கண்டன்சேட் என்பது எரிவாயுவில் இருந்து பிரியும் இலகுவான திரவம்). ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, திறந்த குழாய் முனையைத் தகட்டால் மூடி வைத்திருந்தார்கள். இரவு ஷிப்டில் மற்றொரு பம்பு நின்றுபோனது. வால்வு கழற்றப்பட்ட தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. வால்வு இல்லாத அந்தப் பம்பை ஓட்டினார்கள். மூடிய முனையில் இருந்து கசிந்தது வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் எழுதும் இரண்டு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று அதன்பிறகு உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஒரு குழாயைப் பின்தொடருங்கள். என்னைக் கேட்டால் இன்டர்ன்ஷிப்பில் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடத்தை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரோடு, அனுமதி வாங்கி, ஆலையை இயக்கும் ஊழியரான ஆபரேட்டர் ஒருவருடன் ஆலைக்குள் நடங்கள். தொட்டியில் தொடங்குங்கள். வரைபடத்தில் கேட் வால்வு இருக்கும் இடத்தில் நேரில் என்ன இருக்கிறது? தண்டு மேலே எழும் வகை வால்வில் தண்டு நீண்டு நின்றால் திறந்திருக்கிறது. பால் வால்வில் கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. செக் வால்வின் உடலில் அம்புக்குறியைத் தேடுங்கள். பார்த்த ஒவ்வொன்றையும் மஞ்சளால் தீட்டிக்கொண்டே போங்கள்.

நான் மாணவனாக இருந்தபோது இதைச் செய்யாமல் பட்டது உண்டு. ஒரு பம்பைப் பழுதுக்கு எடுக்கும் நேரத்தில் பைபாஸ் குழாய் வழியே ஓட்டத்தைத் திருப்பலாம் என்று வரைபடத்தை மட்டும் பார்த்து நான்கு பக்க யோசனை எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். பைபாஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முனைகள், இரண்டிலும் தகடு, தகட்டின் மேல் பல அடுக்குப் பெயின்ட். எப்போதோ வெட்டி எடுத்திருக்கிறார்கள், வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. கூட வந்த ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே, "என்னைக் கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். கேட்டிருக்கலாம்தான்.

படி 8: செயல்திட்டம்

தலைப்பு கொடுத்ததும் சூப்பர்வைசரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் முடிவை யார் பயன்படுத்தப் போகிறார்? எந்த முடிவெடுக்க இது உதவும்? தரவு எங்கே இருக்கிறது? மூன்றாவதற்குப் பதில் தெளிவாக இல்லையென்றால் தலைப்பை அன்றே சின்னதாக்குங்கள். எட்டு வாரத்தில் ஐந்து வாரம் தரவுக்கான அனுமதியிலேயே போனவர்கள் உண்டு.

உதாரணத்துக்கு, கச்சா எண்ணெயை உலைக்கு அனுப்பும் முன் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றிகளில் எதை முதலில் சுத்தம் செய்வது என்ற கேள்வி. எண்ணெய் ஓட ஓடக் குழாய்களுக்குள் படிவு சேரும், வெப்பம் கடத்தும் திறன் குறையும், உலையில் கூடுதல் எரிபொருள் எரியும். இருபக்க வெப்பநிலைகளையும் ஓட்டத்தையும் பழைய பதிவுகளில் இருந்து எடுத்து, ஒவ்வொரு நாளும் வெப்பப் பரிமாற்றக் கெழு எவ்வளவு என்று கணக்கிட்டால், அது மாதக்கணக்கில் இறங்குவது தெரியும். வேகமாக இறங்குவது எது, அதனால் எரிபொருள் எவ்வளவு வீணாகிறது, சுத்தம் செய்ய எவ்வளவு செலவு: இந்த மூன்றும் ஒரு அட்டவணையில் வந்தால் மேனேஜர் உட்கார்ந்து படிப்பார்.

ஆனால் கணக்குக்கு முன் தரவைச் சந்தேகப்படுங்கள். ஓட்டம் குறைந்த நாளில் கெழுவும் குறையும், அது படிவு இல்லை. மூன்று வாரமாக ஒரே வெப்பநிலையைக் காட்டும் கருவி உண்மை பேசவில்லை, சிக்கிக்கொண்டிருக்கிறது. 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில், கோபுரத்துக்குள் திரவம் 150 அடிக்கு மேல் ஏறியிருந்தபோது, மட்டம் காட்டும் கருவி 10 அடிக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டே வருவதாகக் காட்டியது. திரவம் நிரம்பி வெளியே கொட்டித் தீப்பிடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். ஒரு எண் சரிதானா என்று சொல்ல இன்னொரு எண் வேண்டும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கில் ஒத்துப்போகிறதா என்று எப்போதும் பாருங்கள்.

வாரம் ஒருமுறை சூப்பர்வைசருக்கு ஐந்து வரியில் எழுதுங்கள்: என்ன செய்தேன், எங்கே சிக்கியிருக்கிறேன், அடுத்து என்ன. அவர் உங்களைத் தேடி வரமாட்டார், அவருக்கு ஆலை இருக்கிறது.

படி 9: அறிக்கையும் கைமாற்றமும்

முடிவை முதல் பக்கத்தில் வையுங்கள். கல்லூரி அறிக்கை மாதிரி நிறுவன வரலாற்றில் தொடங்கினால் யாரும் மூன்றாம் பக்கம் தாண்டமாட்டார்கள். விளக்கக்காட்சிக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் ஏழில் முடியுங்கள், கேள்விகளில்தான் உங்களை எடை போடுவார்கள். கல்லூரிக்குக் கொண்டுபோகும் பிரதியை நிறுவனத்தில் காட்டி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வரைபடம், உற்பத்தி எண், ஆலைக்குள் எடுத்த படம் எதையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அதனால் வேலை போவதோடு வழக்கும் வரலாம். அடுத்த ஆண்டு திரும்ப வர விருப்பம் இருந்தால் கடைசி வாரத்தில் வாய் திறந்து சொல்லுங்கள், மனதில் வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது.

கடைசி நாளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். உங்கள் கோப்புகளை வேறொருவர் திறந்தால் புரிகிற மாதிரி வைத்துவிட்டு, மேலே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். மூலத் தரவு எங்கிருந்து எந்தத் தேதியில் எடுத்தது, எந்தக் கருவிகளின் எண்களை ஒதுக்கினேன், ஏன், எந்த முயற்சி பலிக்கவில்லை, எந்த இடத்தில் வரைபடமும் குழாயும் ஒத்துப்போகவில்லை. கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அடுத்து அதைத் தொடப்போகிறவரின் கையில் நேராகக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டையும் டிடெக்டரையும் ஸ்டோரில் ஒப்படையுங்கள்.